மூன்று முறை தண்டிக்கப்பட்ட வீரர்

சாண்டி டர்ன்புல் ஒரு கால்பந்து வீரர். ஸ்காட்லாந்து நாட்டுக்காரர். இங்கிலாந்தில் பந்து விளையாடிப் பிழைத்தவர்.

அவர் மூன்று முறை தண்டிக்கப்பட்டார்.

முதல் முறை, விதியில் சொன்னதற்கு மேல் சம்பளம் வாங்கினார் என்று தண்டனை.

இரண்டாம் முறை, வீரர்களின் சங்கத்தை விட்டு விலக மறுத்தார் என்று தண்டனை.

மூன்றாம் முறை, சூதாட்டத்துக்காக ஓர் ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே பேசி வைத்த சதியில் சேர்ந்தார் என்று தண்டனை.

மூன்றும் ஒன்றா?

உழைப்புக்கு ஏற்ற கூலி வாங்குவது பாவம் அல்ல. சங்கம் சேர்வதும் பாவம் அல்ல. ஆனால் ஆட்டத்தை விற்பது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். சிறு பிள்ளைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். அந்தக் காலத்துக் கால்பந்து நிர்வாகிகளுக்கு மட்டும் அது தெரியவில்லை. மூன்றுக்கும் அவர்கள் எடுத்தது ஒரே பிரம்பு. "நீ ஆடக்கூடாது!" என்பதே மூன்று முறையும் தீர்ப்பு.

கூலி கேட்டவனையும் களவு செய்தவனையும் ஒரே கூண்டில் நிறுத்தினால் என்ன ஆகும்? அதைத் தெரிந்துகொள்ள டர்ன்புல்லின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும்.

நிலக்கரி ஊர்

ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் அயர்ஷையர் என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே ஹர்ல்போர்டு என்பது ஒரு சிற்றூர். அந்தக் காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்திருந்த பகுதி. 1884-ம் ஆண்டு டர்ன்புல் அங்கே பிறந்தார். அவருடைய குடும்பம் சுரங்கத் தொழிலாளர் குடும்பம். அவரும் சிறு வயதிலேயே சுரங்க வேலைக்குப் போனார்.

அந்த ஊர்களில் பையன்களுக்கு முன்னால் இரண்டு வழிகள்தான் தெரிந்தன. ஒன்று, பூமிக்கு அடியில் போகும் வழி. இன்னொன்று, பந்தின் பின்னால் போகும் வழி.

ஸ்காட்லாந்து வீரர்களுக்கு அப்போது இங்கிலாந்தில் நல்ல கிராக்கி. இங்கிலாந்துக்காரர்கள் பந்தை எடுத்துக்கொண்டு தனியாக ஓடுவார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் பந்தைத் தட்டிக் கொடுத்து ஆடுவார்கள். இந்தக் கூட்டு ஆட்டத்தின் முன்னால் தனி ஓட்டம் நிற்கவில்லை. அதனால் தெற்கே வந்த ஸ்காட்லாந்து வீரர்களை "பேராசிரியர்கள்" என்றே அழைத்தார்கள். பந்து ஆடுவதற்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று இங்கிலாந்து 1885-ல் ஒப்புக்கொண்டது. ஸ்காட்லாந்து 1893-ல்தான் ஒப்புக்கொண்டது. இடையில் இருந்த அந்த ஆண்டுகளில் ரெயில் ஏறித் தெற்கே போன இளைஞர்கள் பலர்.

அதே பாதையில் டர்ன்புல்லும் 1902-ல் போனார். மான்செஸ்டர் சிட்டி கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 18.

ஆள் உயரம் குறைவு. ஆனால் கட்டுமஸ்தான உடல். உயரமான காவல் வீரர்களுக்கு நடுவே எழும்பித் தலையால் பந்தை முட்டிக் கோல் போடுவார். யாருக்கும் பயப்படமாட்டார். கோபமும் கொஞ்சம் அதிகம்.

1904-ல் மான்செஸ்டர் சிட்டி முதன்முறையாக எப்.ஏ. கோப்பையை வென்றது. இங்கிலாந்தில் கிளப்புகளுக்கு இடையே நடக்கும் மிகப் பழைய கோப்பைப் போட்டி அது. இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு கோல். அதைப் போட்டவர் பில்லி மெரிடித் என்ற வேல்ஸ் நாட்டு வீரர். வெற்றி பெற்ற 11 பேரில் டர்ன்புல்லும் ஒருவர். சுரங்கத்திலிருந்து வந்த இளைஞர், 20 வயது நிறையும் முன்பே கோப்பை வாங்கிய வீரர் ஆகிவிட்டார்.

நாலு பவுன் சட்டம்

1901-ல் ஒரு விதி அமலுக்கு வந்தது. எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் வாரம் 4 பவுனுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது. இதுதான் விதி. பவுன் என்பது அந்த நாட்டு நாணயம்.

4 பவுன் என்பது அந்தக் காலத்தில் சின்னப் பணம் அல்ல. கைத்தொழில் தெரிந்த ஒரு நல்ல தொழிலாளிக்கு வாரம் 2 பவுன் கிடைப்பதே அரிது. அப்படியானால் வீரர்களுக்கு என்ன குறை?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பந்தாட்டம் பார்க்கக் குறைந்த கட்டணம் 6 பென்ஸ். அப்போது 240 பென்ஸ் சேர்ந்தால் ஒரு பவுன். அதாவது 40 பேர் உள்ளே வந்தால் ஒரு பவுன் வசூல். 20 ஆயிரம் பேர் வந்தால் 500 பவுன். ஆடிய 11 பேருக்கும் உச்ச சம்பளமே கொடுத்தாலும் 44 பவுன்தான்!

கூட்டம் யாரைப் பார்க்க வந்தது? நிர்வாகிகளையா?

இன்னொரு கணக்கும் உண்டு. 1905-ல் ஆல்ப் காமன் என்ற வீரரை ஒரு கிளப் இன்னொரு கிளப்பிடமிருந்து ஆயிரம் பவுன் கொடுத்து வாங்கியது. நாடே வியந்தது. வீரனை விற்றால் ஆயிரம் பவுன். ஆனால் அந்த வீரனுக்கு வாரம் 4 பவுனுக்கு மேல் தரக்கூடாது. மாட்டுச் சந்தையில்கூட விலை உயர்ந்த மாட்டுக்குத் தீனி கூடுதலாகப் போடுவார்கள்.

அதோடு, வீரர் நினைத்தபடி வேறு கிளப்புக்குப் போகவும் முடியாது. பழைய கிளப் விட்டால்தான் போகலாம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவர் அவர்கள் பிடியில்தான். முழங்கால் ஒரு முறை நொறுங்கினால் பிழைப்பே போயிற்று. முப்பது வயது தாண்டினால் கிழவர் என்று பெயர். பத்து ஆண்டில் சம்பாதிப்பதுதான் வாழ்நாள் முழுவதற்கும்.

இந்த விதியை எத்தனை கிளப்புகள் ஒழுங்காகக் கடைப்பிடித்தன? நல்ல வீரரைத் தக்கவைத்துக்கொள்ள மேசைக்கு அடியில் பணம் கொடுப்பது ஊரறிந்த ரகசியமாக இருந்தது. எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டார்கள். மாட்டிக்கொண்டால்தான் குற்றம்.

முதல் தண்டனை

மாட்டிக்கொண்டது மான்செஸ்டர் சிட்டி.

1905-ல் அந்த கிளப்பின் நட்சத்திர வீரர் மெரிடித் மேல் ஒரு புகார் வந்தது. எதிர் அணி வீரர் ஒருவருக்குப் பணம் தருவதாகச் சொன்னார் என்பது புகார். அவரை ஆடக்கூடாது என்று தடுத்தார்கள். அவர் தம் கிளப்பிடம் பண உதவி கேட்டார். கிளப் கையை விரித்தது. மெரிடித் வாயைத் திறந்துவிட்டார். சிட்டி கிளப்பில் 4 பவுனுக்கு மேல் எப்படியெல்லாம் பணம் புரண்டது என்பது வெளியே வந்தது.

1906-ல் விசாரணை முடிந்தது. 17 வீரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அபராதம் ஒரு பக்கம். 1907 ஜனவரி 1-ந் தேதி வரை ஆடக்கூடாது என்ற தடை ஒரு பக்கம். இனி எந்தக் காலத்திலும் மான்செஸ்டர் சிட்டிக்கு ஆடக்கூடாது என்ற உத்தரவு மற்றொரு பக்கம். அந்த 17 பேரில் டர்ன்புல்லும் ஒருவர். கிளப்பின் மானேஜர் டாம் மேலியையும் விளையாட்டை விட்டே விலக்கினார்கள்.

கோப்பை வாங்கிய அணி சிதறியது. அந்த வீரர்களை வாங்கப் பல கிளப்புகள் மான்செஸ்டரில் ஒரு ஓட்டலில் கூடின. ஏலம் போடுவதுபோல் வீரர்கள் விலை பேசப்பட்டார்கள். ஆனால் பக்கத்துக் கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் மானேஜர் எர்னஸ்ட் மாங்னல் முந்திக்கொண்டார். மெரிடித், டர்ன்புல், இன்னும் இருவர் ஆக நான்கு பேரை அவர் பேசி முடித்துவிட்டார்.

இதில் வேடிக்கை என்ன? பணம் கொடுத்தது முதலாளி. வாங்கியது தொழிலாளி. வாங்கிய தொழிலாளி யாரையும் ஏமாற்றவில்லை. எந்த ரசிகரின் பையிலும் கை வைக்கவில்லை. ஒழுங்காக ஆடினார், ஆட்டத்துக்குக் கூலி வாங்கினார். அதற்குப் பெயர் குற்றம்!

புத்தாண்டு கோல்

1907 ஜனவரி 1. தடை முடிந்த நாள். அன்றே மான்செஸ்டர் யுனைடெட் அணியில் டர்ன்புல் களம் இறங்கினார். எதிரே ஆஸ்டன் வில்லா. மெரிடித் பந்தை அனுப்பினார். டர்ன்புல் கோல் போட்டார். ஆட்டத்தில் அது ஒன்றுதான் கோல். யுனைடெட் வென்றது.

அடுத்த பருவத்தில் அவர் லீக் ஆட்டங்களில் மட்டும் 25 கோல்கள் போட்டார். 1908-ல் மான்செஸ்டர் யுனைடெட் முதல் முறையாக லீக் பட்டம் பெற்றது. இன்று உலகம் முழுவதும் தெரிந்த அந்தக் கிளப்பின் முதல் பெரிய வெற்றி அது.

அவர் கோபக்காரர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1907 டிசம்பரில் பழைய கிளப்பான சிட்டியுடன் ஆட்டம். டர்ன்புல் இரண்டு கோல் போட்டார். பிறகு முரட்டுத்தனத்துக்காக வெளியே அனுப்பப்பட்டார். இந்த இரு கிளப்புகளுக்கும் இடையே நடந்த ஆட்டங்களில் அப்படி வெளியேற்றப்பட்ட முதல் வீரர் அவர்தான்.

1909-ல் எப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டம் வந்தது. எதிரே பிரிஸ்டல் சிட்டி. டர்ன்புல்லுக்கு முழங்காலில் காயம். ஆட முடியுமா என்று மானேஜருக்குச் சந்தேகம். அணித் தலைவர் சார்லி ராபர்ட்ஸ் அவருக்காகப் பேசினார். "அவர் ஆடட்டும்" என்றார். லண்டனில் கிரிஸ்டல் பாலஸ் மைதானத்தில் 70 ஆயிரத்துக்கு மேல் கூட்டம். ஹால்ஸ் என்ற வீரர் உதைத்த பந்து கோல் கம்பத்தின் குறுக்குக் கம்பியில் பட்டுத் திரும்பியது. ஓடி வந்தார் டர்ன்புல். உதைத்தார். கோல்! அந்த ஒரு கோலால் கோப்பை யுனைடெட்டுக்கு வந்தது. கிளப்பின் முதல் எப்.ஏ. கோப்பை அது.

நொண்டிக் காலோடு ஆடி நாட்டின் பெரிய கோப்பையை வாங்கித் தந்தார். அந்த வாரமும் விதிப்படி அவர் சம்பளம் 4 பவுன்தான்.

இரண்டாம் தண்டனை

1907 டிசம்பரில் மான்செஸ்டரில் வீரர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். முன்னால் நின்றவர்கள் மெரிடித்தும் ராபர்ட்ஸும். சம்பள உச்சவரம்பை எடுக்க வேண்டும், நினைத்த கிளப்புக்குப் போக உரிமை வேண்டும், அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு வேண்டும் என்பவை கோரிக்கைகள்.

இந்தச் சங்கம் மற்றத் தொழிலாளர் சங்கங்களோடு சேரப் பார்த்தது. உடனே கால்பந்து அதிகாரிகளுக்குக் கோபம் வந்தது. பந்து உதைப்பவன் தொழிலாளியா? அவனுக்கு ஒரு யூனியனா? 1909-ல் உத்தரவு பிறந்தது. சங்கத்தை விட்டு விலகினேன் என்று எல்லா வீரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் ஆட முடியாது, சம்பளமும் கிடையாது.

பெரும்பாலோர் பயந்து கையெழுத்துப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே!

மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள் முடியாது என்றார்கள். டர்ன்புல்லும் அவர்களில் ஒருவர். நாலு மாதத்துக்கு முன் கோப்பையோடு ஊர்வலம் வந்தவர்கள், இப்போது தங்கள் மைதானத்துக்குள்ளேயே நுழைய முடியவில்லை. பாலோபீல்டு என்ற இடத்தில் தாங்களாகவே பயிற்சி செய்தார்கள். "ஒதுக்கப்பட்டோர் கால்பந்து கிளப், 1909" என்று ஒரு பலகையில் எழுதி நடுவில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

பருவம் தொடங்க ஒரு நாள் இருந்தபோது, ஆகஸ்ட் 31-ந் தேதி, அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். சங்கம் மீண்டும் அங்கீகாரம் பெற்றது. தடை நீங்கியது. ஆனால் மற்றத் தொழிலாளர் சங்கங்களோடு சேரும் எண்ணத்தைச் சங்கம் பிறகு கைவிட வேண்டியதாயிற்று. 1910-ல் சம்பள உச்சவரம்பு படிப்படியாக 5 பவுன் வரை ஏற வழி செய்தார்கள். அவ்வளவுதான். அடிப்படை விதி அப்படியே நின்றது.

ஆக, 25 வயதுக்குள் டர்ன்புல் இரண்டு முறை விலக்கப்பட்டவர். இரண்டு முறையும் அவர் மனசாட்சி அவரைக் குற்றவாளி என்று சொல்லியிருக்காது. அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் இதிலிருந்து என்ன பாடம் கிடைத்தது? "விதி என்பது முதலாளிகளுக்காக முதலாளிகள் எழுதியது. அதை மீறுவதில் தவறில்லை, மாட்டிக்கொள்வதுதான் தவறு." இந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் வேறு யாரும் அல்ல. விதி எழுதியவர்களேதான்.

புது மைதானம்

1910 பிப்ரவரி 19-ல் மான்செஸ்டர் யுனைடெட் தன் புது மைதானத்தைத் திறந்தது. அதுதான் ஓல்டு டிராபோர்டு. கிளப்பின் தலைவர் ஜான் ஹென்றி டேவிஸ் சாராய ஆலை முதலாளி. அவர் இதற்காக 60 ஆயிரம் பவுன் கொடுத்தார். அப்போது அங்கே 80 ஆயிரம் பேர் ஆட்டம் பார்க்கலாம்.

முதல் ஆட்டம் லிவர்பூலோடு. அந்த மைதானத்தில் முதல் கோல் போட்டவர் யார்? சாண்டி டர்ன்புல். தலையால் முட்டிப் போட்ட கோல். அன்று யுனைடெட் 3-4 என்று தோற்றது. ஆனால் அந்த முதல் கோல் அவர் பெயரில் நிலைத்துவிட்டது. இன்றும் அந்த மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். அங்கே விழுந்த எத்தனையோ கோல்களுக்கு அவருடையதுதான் மூத்தது.

1911-ல் யுனைடெட் இரண்டாம் முறை லீக் பட்டம் பெற்றது. டர்ன்புல்லும் ஈனாக் வெஸ்ட் என்ற வீரரும் சேர்ந்து கோல் மழை பொழிந்தார்கள். இந்த வெஸ்ட் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும்.

மொத்தத்தில் யுனைடெட்டுக்காக டர்ன்புல் 247 ஆட்டங்கள் ஆடி 101 கோல்கள் போட்டார். இரண்டு லீக் பட்டங்கள், இரண்டு எப்.ஏ. கோப்பைகள் அவர் கணக்கில் உண்டு. ஆனால் ஸ்காட்லாந்து நாட்டு அணியில் அவருக்கு ஒரு முறைகூட இடம் கிடைக்கவில்லை.

புனித வெள்ளி

1914 ஆகஸ்டில் உலகப் போர் வந்தது. அந்தப் பருவத்து ஆட்டங்கள் மட்டும் தொடர்ந்தன. பருவம் முடிந்தால் லீக் நின்றுவிடும், சம்பளமும் நின்றுவிடும் என்பது வீரர்களுக்குத் தெரிந்துபோயிற்று. டர்ன்புல்லுக்கு வயது முப்பது. மனைவி, குழந்தைகள். ஆடும் காலம் முடிந்துகொண்டிருந்தது.

1915 ஏப்ரல் 2. புனித வெள்ளிக்கிழமை. மான்செஸ்டர் யுனைடெட்டும் லிவர்பூலும் மோதின. யுனைடெட் 2-0 என்று வென்றது. இரண்டு கோலும் போட்டவர் ஜார்ஜ் ஆண்டர்சன்.

ஆட்டம் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. 2-0 ஆன பிறகு யாரும் கோல் போட அக்கறை காட்டவில்லை. கிடைத்த பெனால்ட்டி வெளியே போயிற்று. லிவர்பூல் வீரர் பிரட் பாக்னம் அடித்த பந்து குறுக்குக் கம்பியில் பட்டது. அதற்காக அவருடைய சொந்த அணிக்காரர்களே அவர்மேல் கோபப்பட்டார்கள்! கோல் அடிக்கப் பார்த்தவனைத் திட்டும் அணி உண்டா?

பிறகுதான் விஷயம் வெளியானது. சூதாட்டக்காரர்களிடம் பலர், "யுனைடெட் 2-0 என்று வெல்லும்" என்று பணம் கட்டியிருந்தார்கள். ஒன்றுக்கு ஏழு என்று பணம் திரும்பும் பந்தயம் அது. விசாரணை நடந்தது. பாக்னம் போன்றவர்கள் சாட்சி சொன்னார்கள்.

1915 டிசம்பரில் தீர்ப்பு. யுனைடெட் வீரர்கள் மூவர்: டர்ன்புல், வெஸ்ட், ஆர்தர் வாலி. லிவர்பூல் வீரர்கள் நால்வர். வேறு கிளப்பின் வீரர் ஒருவர். எட்டுப் பேருக்கும் ஆயுள் முழுவதும் தடை. இதில் டர்ன்புல்லும் வாலியும் அன்று களத்திலேயே இறங்கவில்லை. ஆனால் சதியில் பங்கு உண்டு என்பது விசாரணைக் குழுவின் முடிவு.

யாருக்கு நஷ்டம்?

இங்கே பூசி மெழுகக் கூடாது. இது வேறு விதமான குற்றம்.

6 பென்ஸ் கொடுத்து உள்ளே வந்த ஏழைத் தொழிலாளி, ஓர் உண்மையான ஆட்டத்தைப் பார்க்க வந்தார். அவருக்குக் காட்டியது நாடகம். அதே அணிகளில் நேர்மையாக ஓடிய வீரர்களும் ஏமாந்தார்கள். பருவம் முடிந்தபோது யுனைடெட், செல்சி கிளப்பைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் பெற்றிருந்தது. அந்த ஒரு புள்ளியால் யுனைடெட் தப்பியது. கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும் இடத்தில் செல்சி நின்றது. சூதாட்ட ஆட்டத்தில் கிடைத்த புள்ளிகள் இல்லாவிட்டால் கதை மாறியிருக்கும். போருக்குப் பிறகு முதல் பிரிவைப் பெரிதாக்கியதால் மட்டுமே செல்சி பிழைத்தது.

"சம்பளம் குறைவு, அதனால் செய்தார்" என்று சொல்லித் தப்ப முடியாது. அதே சம்பளம்தான் மெரிடித்துக்கும் கிடைத்தது. அதே விதியில்தான் ராபர்ட்ஸும் ஆடினார். இருவர் பெயரும் இந்தச் சதியில் அடிபடவில்லை. அதே லிவர்பூல் அணியில்தான் பாக்னம் இருந்தார். எல்லோருக்கும் குடும்பம் இருந்தது. எல்லோருக்கும் போர் வந்தது.

இன்னொரு சாட்சியும் உண்டு. சம்பள உச்சவரம்பு 1961-ல் ஒழிந்தது. அடுத்த ஆண்டே, 1962 டிசம்பரில், ஷெபீல்டு வென்ஸ்டே அணியின் வீரர்கள் மூவர் தங்கள் அணியே தோற்கும் என்று பந்தயம் கட்டினார்கள். 1965-ல் சிறைக்குப் போனார்கள். சம்பளம் கூடினால் மட்டும் சூது ஒழிந்துவிடாது.

அப்படியானால் பழைய நிர்வாகிகள் மேல் குறை இல்லையா? உண்டு. பெரிய குறை உண்டு.

ஒரு வீட்டில் தகப்பனார் இருக்கிறார். பிள்ளை பசிக்கிறது என்று கேட்டாலும் அடி. அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து கேட்டாலும் அடி. ஒரு நாள் அந்தப் பிள்ளை அடுத்த வீட்டில் திருடுகிறான். அதற்கும் அதே அடி. இந்த மூன்றாவது அடியால் பிள்ளைக்கு என்ன புரியும்? திருட்டு தனிக் குற்றம் என்று புரியுமா? "இந்த வீட்டில் எதற்கும் அடிதான்" என்றுதான் புரியும்.

திருடிய பாவம் பிள்ளையுடையது. அது மாறாது. ஆனால் நல்லது எது, கெட்டது எது என்று சொல்லும் தகுதியைத் தகப்பனார் முன்பே இழந்துவிட்டார். அந்தப் பாவம் அவருடையது.

கால்பந்து நிர்வாகிகள் இழந்ததும் இந்தத் தகுதியைத்தான். 1906-ல் 17 வீரர்களை விலக்கினார்கள். 1909-ல் ஓர் அணியையே விலக்கினார்கள். விலக்குவது வாடிக்கையாகிவிட்டது. உண்மையான களவு வந்தபோது அதற்கென்று தனியாக வைக்கச் சொல்லும் மிஞ்சவில்லை, தண்டனையும் மிஞ்சவில்லை. ஆயுள் என்ற நீளம் மட்டுமே கூடியது.

போர்க்களம்

தடை பெற்ற டர்ன்புல் பட்டாளத்தில் இருந்தார். கால்பந்து வீரர்களுக்கென்றே மிடில்செக்ஸ் ரெஜிமெண்டில் அமைத்த படையில் சேர்ந்தவர், பிறகு கிழக்கு சர்ரே ரெஜிமெண்டின் 8-வது படைப்பிரிவுக்கு மாற்றப்பட்டார். அந்தப் பிரிவுக்கு ஒரு பெயர் உண்டு. 1916 ஜூலை 1-ந் தேதி சோம் போரில், கேப்டன் நெவில் என்பவர் கொடுத்த பந்துகளை உதைத்துக்கொண்டே அதன் சிப்பாய்கள் எதிரியை நோக்கி ஓடினார்கள். நெவில் அன்றே மாண்டார்.

பந்தை உதைக்கக்கூடாது என்று ஆயுள் தடை பெற்றவர், பந்தை உதைத்துப் பெயர் பெற்ற படைக்கு வந்து சேர்ந்தார்.

1917 மே 3. பிரான்ஸ் நாட்டில் அராஸ் நகரத்துக்கு அருகே ஷெரிசி என்ற கிராமம். கிழக்கு சர்ரே வீரர்கள் கிராமத்துக்குள் புகுந்தார்கள். எதிரிகள் திருப்பித் தாக்கினார்கள். பிடித்த இடத்தை விட்டுப் பின்வாங்க நேர்ந்தது. திரும்பி வராதவர்களில் ஒருவர் சாண்டி டர்ன்புல். வயது 32.

அவருக்குத் தனிக் கல்லறை இல்லை. அராஸ் நினைவுச் சின்னத்தில், கல்லறை தெரியாத சுமார் 35 ஆயிரம் பேரின் பெயர்களோடு அவர் பெயரும் செதுக்கப்பட்டிருக்கிறது.

காலம் கடந்த கருணை

1919-ல் போர் முடிந்து ஆட்டம் திரும்பியது. நாட்டுக்காகப் போரில் சேவை செய்த வீரர்களின் தடை நீக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் டர்ன்புல்லின் பெயரும் இருந்தது. அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஈனாக் வெஸ்ட் மட்டும் கடைசி வரை "நான் குற்றவாளி அல்ல" என்றார். கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். அவருடைய தடையை 1945-ல்தான் நீக்கினார்கள். அப்போது அவருக்கு வயது 59. அந்த வயதில் யார் பந்து ஆடுவார்கள்?

1961 ஜனவரியில் சம்பள உச்சவரம்பு ஒழிந்தது. வீரர் சங்கத்தின் தலைவர் ஜிம்மி ஹில் தலைமையில் வேலை நிறுத்தம் செய்வோம் என்று வீரர்கள் எச்சரித்த பிறகுதான் அது நடந்தது. 60 ஆண்டுக் காலம் நின்ற விதி அது. ஒழிந்தபோது உச்ச சம்பளம் வாரம் 20 பவுன். 1963-ல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் முறை நியாயம் அல்ல என்று கோர்ட்டு சொன்னது.

"ஒதுக்கப்பட்டோர்" என்ற பலகையின் பின்னால் நின்றவர்கள் 1909-ல் கேட்டது இதைத்தான். அன்று குற்றம் என்றார்கள். பிறகு நீதி என்றார்கள்.

டர்ன்புல் உத்தமர் அல்ல. பணத்துக்காக ஆட்டத்தை விற்ற கூட்டத்தில் சேர்ந்தார் என்று தீர்ப்பு உண்டு. அந்தக் கறை அவர் பெயரில் இருக்கட்டும். ஆனால் முதல் இரண்டு தண்டனைகளையும் அதே ஏட்டில், அதே மையில் எழுதி வைத்தார்களே, அதை அடித்துவிட வேண்டும். போர்க்களத்தில் செத்தார் என்பதற்காக மட்டும் மன்னிப்புக் கொடுத்தார்கள். உழைப்புக்குக் கூலி கேட்டதற்காகத் தண்டித்தது தங்கள் தவறு என்ற ஒரு வார்த்தை அந்த மன்னிப்பில் இல்லை.

கடையானாலும் சரி, ஆலையானாலும் சரி, விளையாட்டு மைதானமானாலும் சரி. கூலி கேட்பவனைத் திருடன் என்று அழைக்காத இடத்தில்தான், திருடனைத் திருடன் என்று சொன்னால் ஊர் நம்பும்.